எக்ஸின் குறி தெரியாமல் வகுக்காதீர்கள்

மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. நுழைவுத்தேர்வு எழுதப்போவதாகவும், மற்ற கணக்குகள் சரியாக வந்தாலும், ஒன்று மற்றொன்றைவிடப் பெரிது அல்லது சிறிது என்று சொல்லும் அசமன்பாடுகளில் மட்டும் மாதிரித் தேர்வுதோறும் மதிப்பெண் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள் தம்பி. தொடக்கத்தில் எனக்கும் இதே இடத்தில்தான் சறுக்கியது என்பதால், அப்போது எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

இருபுறமும் பொதுவாக உள்ளதை அடித்துவிடுவது சமன்பாடுகளில் நமக்கு ஊறிப்போன பழக்கம். எக்ஸின் வர்க்கம் எக்ஸின் 4 மடங்கைவிடப் பெரிது என்று கொடுத்தால், எக்ஸால் வகுத்து, எக்ஸ் 4-ஐவிடப் பெரிது என்று முடித்துவிடுகிறோம். எக்ஸுக்கு -1 என்று போட்டுப் பாருங்கள்: இடப்புறம் 1, வலப்புறம் -4; நிபந்தனை பொருந்துகிறது, ஆனால் நம் விடையில் அந்த எண் இல்லை. குறை எண்ணால் வகுத்தால் அசமன்பாட்டின் குறி திரும்பும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். எக்ஸே குறை எண்ணாக இருக்கலாம் என்பதுதான் எழுதும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள். எக்ஸையும் எக்ஸ் கழித்தல் 4-ஐயும் பெருக்கினால் மிகை எண் வரவேண்டுமெனில் இரண்டுக்கும் ஒரே குறி இருக்கவேண்டும்; எனவே எக்ஸ் 0-ஐவிடச் சிறியது, அல்லது 4-ஐவிடப் பெரியது.

இரண்டு அளவுகளை ஒப்பிடும் வினாக்களில் நான்காவது விருப்பமாக 'தீர்மானிக்க இயலாது' என்று இருக்கும். எந்தக் கணக்குக்கும் ஒரு விடை உண்டு என்றே வளர்ந்த எனக்கு அதைத் தேர்ந்தெடுப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது. உண்மையில் அதுவும் முழுமையான விடைதான். எக்ஸின் கனம் எக்ஸைவிடச் சிறிது எனக் கொடுத்து, எக்ஸின் வர்க்கத்தை 1-உடன் ஒப்பிடச் சொன்னால், அரையைப் போடும்போது வர்க்கம் கால், -2 போடும்போது 4. இரண்டு எண்களும் நிபந்தனைக்குப் பொருந்தி வெவ்வேறு முடிவைத் தருவதால் அத்துடன் வேலை முடிந்தது. முழு எண்களோடு நின்றுவிடாமல், நிபந்தனை இடம்கொடுக்கும் வரை 0, 1, -1, அரை, குறை அரை ஆகியவற்றையும் சோதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வீச்சு கொடுக்கும் கணக்குகளிலும் இதே கவனம் தேவை. எக்ஸ் -3 முதல் 2 வரை, ஒய் -4 முதல் 5 வரை என்றால், பெருக்கற்பலனின் உச்சம் 2-ஐயும் 5-ஐயும் பெருக்கி வரும் 10 அல்ல. -3-ஐயும் -4-ஐயும் பெருக்கி வரும் 12. எக்ஸின் ஒவ்வொரு முனையையும் ஒய்யின் ஒவ்வொரு முனையோடும், ஆக நான்கு விதமாகவும், பெருக்கிப் பார்த்தே தீரவேண்டும்.

இன்னொன்று, கணக்கைத் தமிழில் யோசிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே உரியது. 'அட் லீஸ்ட் 5' என்றால் குறைந்தது 5, அதாவது 5-உம் சேரும். 'மோர் தேன் 5' என்றால் சேராது. 'பாசிட்டிவ்' என்பதில் 0 கிடையாது, 'நான்-நெகட்டிவ்' என்பதில் உண்டு. 'இன்டீஜர்' என்று சொல்லாதவரை எக்ஸ் பின்னமாகவும் இருக்கலாம். இந்தச் சொற்களைக் கண்டதும் அவற்றுக்குரிய குறியைத் தாளில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

கணிதத்தின் முதல் பகுதியில் 21 நிமிடத்தில் 12 வினாக்கள், அதாவது ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. சிக்கும் வினாவுக்கு ஒரு விடையைக் குறித்து, அடையாளமிட்டுவிட்டு, அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வாருங்கள்.