ஸ்பெயினில் வதிவிடப் பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். பார்சலோனாவில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கும் வாழும் உரிமை இருக்கும்போது ஸ்பெயினில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்களே, ஏன்? எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது?
– வாசகர், சார்செல்

பதில்: உரிமை உங்களுடையதுதான். அதை ஸ்பெயின் அரசு உங்களுக்கு வழங்குவதில்லை. பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் தங்க நினைக்கும் ஒன்றியக் குடிமக்கள், நாட்டுக்குள் வந்த மூன்று மாதங்களுக்குள் வெளிநாட்டவர் மத்தியப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 240ஆம் எண் அரச ஆணை சொல்கிறது. பதியாமல் இருப்பதால் வாழும் உரிமை பறிபோகாது என்றாலும் அபராதம் விதிக்க இடமுண்டு; அதைவிடப் பெரிய தொல்லை, அந்தப் பதிவு இல்லாமல் அன்றாடக் காரியங்கள் ஒவ்வொன்றும் எங்காவது ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதுதான்.

இங்கே மூன்று வெவ்வேறு காகிதங்களை ஒன்றெனக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். முதலாவது என்.ஐ.ஈ. எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண். எக்ஸ், ஒய், இசட் ஆகிய எழுத்துகளில் ஒன்றில் தொடங்கி, ஏழு இலக்கங்களுடன் மற்றோர் எழுத்தில் முடியும் இந்த எண், வரிக்கும் வங்கிக்கும் வேலைக்கும் உங்களை அடையாளம் காட்டும். அங்கே வாழ்கிறீர்கள் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டாவது பத்ரோன், அதாவது நீங்கள் இன்ன முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்று ஊராட்சியோ மாநகராட்சியோ வைத்திருக்கும் பதிவேடு. மூன்றாவதுதான் நீங்கள் கேட்கும் வதிவிடப் பதிவுச் சான்றிதழ். பச்சை நிறத்தில் இருப்பதால் எல்லோரும் பச்சைத் தாள் என்கிறார்கள். பெயரும் முகவரியும் அடையாள எண்ணும் அதில் இருக்கும். நிழற்படம் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. ஆகவே எங்கே சென்றாலும் கடவுச்சீட்டையோ பிரெஞ்சு அடையாள அட்டையையோ சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

வரிசையைப் பொறுத்தவரை, வாடகை ஒப்பந்தம் கையில் வந்தவுடன் பத்ரோனில் பதிந்துவிடுங்கள். பச்சைத் தாளுக்கு வேண்டிய ஆவணங்கள் என அரச ஆணை பட்டியலிடுபவற்றில் பத்ரோன் சான்று இல்லை. ஆயினும் பல அலுவலகங்கள், நீங்கள் அந்த மாகாணத்தில்தான் வசிக்கிறீர்களா என்று உறுதிசெய்ய அதைக் கேட்கின்றன. அதிகாரியிடம் சட்ட வாதம் செய்து திரும்பி வருவதைவிட அண்மையில் எடுத்த ஒரு பிரதியைக் கோப்பில் வைத்திருப்பதே மேல். அடுத்து, முன்பதிவு செய்த நாளில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ தேசியக் காவல்துறையின் உரிய நிலையத்துக்கோ இ.எக்ஸ்-18 படிவத்துடன் செல்ல வேண்டும். கட்டணம் சுமார் 12 யூரோ. அதற்கான 790 என்னும் படிவத்தில் 012 என்ற குறியீட்டைத் தேர்ந்து அச்சிட்டு, வங்கியில் முன்கூட்டியே செலுத்தி, ரசீதை இணைக்க வேண்டும். அலுவலக முகப்பில் பணம் வாங்கமாட்டார்கள். ஆவணங்கள் சரியாக இருந்தால் சான்றிதழை உடனே தர வேண்டும் என்பதே விதி.

எண் இல்லாமல் வேலையில் சேர முடியாது, வேலை இல்லாமல் பதிய முடியாது என்று உங்கள் நிறுவனம் கைவிரித்தால் கவலை வேண்டாம். நிறுவனத்தின் பெயர், முகவரி, வரி எண், சமூகப் பாதுகாப்புக் கணக்குக் குறியீடு ஆகியவற்றுடன் உங்களை வேலைக்கு எடுப்பதாக நிறுவனம் எழுதித் தரும் கடிதமே போதுமான சான்று. இல்லையேல் இ.எக்ஸ்-15 படிவத்தின் மூலம் அடையாள எண்ணை மட்டும் பாரிஸிலுள்ள ஸ்பெயின் துணைத் தூதரகத்திலேயே முன்னதாக வாங்கிவிடலாம்.

பெயர் எழுதும் கட்டங்களில் நம்மவர் தடுமாறுவதுண்டு. ஸ்பானியர்களுக்குக் குடும்பப் பெயர்கள் இரண்டு என்பதால் படிவத்திலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். கீழே தந்தையின் பெயர், தாயின் பெயர் என்று வேறு இரண்டு கட்டங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது அச்சாகியிருக்கிறதோ, அது உங்கள் தந்தையின் பெயராகவே இருந்தாலும், அதை அப்படியே முதல் கட்டத்தில் எழுதி இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டு கட்டங்களையும் நிரப்ப வேண்டுமே என்று சொந்தப் பெயரைப் பிரித்து எழுதினால், பச்சைத் தாளில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயருமாக நின்று, பின்னால் வங்கியிலும் வரி அலுவலகத்திலும் நீங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டிவரும்.

கேள்வி: அறை வாடகைக்குக் கொடுத்தவர், தம் முகவரியில் பத்ரோன் பதியக் கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, பார்சலோனா

பதில்: அவர் விருப்பத்தைக் கேட்டு நடப்பதற்கு அது அவர் வீட்டு விருந்தினர் பட்டியல் அன்று. ஸ்பெயினில் வாழும் ஒவ்வொருவரும் தாம் வழக்கமாக வசிக்கும் ஊரில் பதிய வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்திலேயே உள்ள கடமை. உங்கள் பெயரில் ஒப்பந்தம் இருந்தால் உரிமையாளரின் தனி ஒப்புதல் தேவையில்லை. ஒப்பந்தம் வாய்மொழியாக மட்டுமே இருந்தாலும், நீங்கள் அங்கே குடியிருப்பதை நேரில் வந்து சரிபார்க்கும்படி மாநகராட்சியைக் கேட்கலாம்.

கேள்வி: நான் பிரெஞ்சுக் குடிமகன்; மனைவி இந்தியக் கடவுச்சீட்டும் பிரெஞ்சு வதிவிட அட்டையும் வைத்திருக்கிறார். காரைக்காலில் திருமணம் நடந்தது. வலென்சியாவுக்கு அவரையும் அழைத்துச் செல்ல என்னென்ன வேண்டும்?
– வாசகர், லியோன்

பதில்: பிரெஞ்சு அட்டையைக் கொண்டு உங்கள் மனைவி ஸ்பெயினுக்குள் விசா இல்லாமல் வரலாம், ஆனால் 180 நாள்களில் 90 நாள் தங்குவதற்கு மட்டுமே அது உதவும், அங்கே குடியிருக்கும் உரிமையைத் தராது. எனவே வந்த மூன்று மாதங்களுக்குள் ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர் என்ற முறையில் இ.எக்ஸ்-19 படிவத்தில் அவர் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் உங்கள் பச்சைத் தாளின்மேல்தான் நிற்கிறது என்பதால் நீங்கள் முதலில் பதிந்தாக வேண்டும். உங்கள் பதிவை இரண்டாம் மாதக் கடைசிவரை தள்ளிப்போட்டால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏற்கப்பட்டால் பொதுவாக ஐந்தாண்டு செல்லும் அட்டை கிடைக்கும்; அதை வைத்து வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டியதில்லை.

உண்மையான வேலை திருமணச் சான்றிதழில்தான் இருக்கிறது. காரைக்காலில் தரப்பட்ட இந்தியச் சான்றிதழையே கொடுப்பதானால் அதற்கு அப்போஸ்தில் முத்திரை வேண்டும் (ஓர் அரசு ஆவணம் மெய்யானதே என்று பிற நாடுகள் ஏற்பதற்கான சான்று அது; அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது), பின்பு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆனால் உங்களைப் போன்ற பிரெஞ்சுக் குடிமக்கள் பலர் ஊரில் நடந்த திருமணத்தைத் துணைத் தூதரகம் வழியாகப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள். அப்படியானால் நாந்த் நகரிலுள்ள மத்தியக் குடிசார் பதிவு அலுவலகத்திலிருந்து பிரெஞ்சுச் சான்றிதழை வரவழையுங்கள். ஒன்றிய நாடு ஒன்று வழங்கிய பிறப்பு, திருமண ஆவணங்களுக்கு மற்றொரு ஒன்றிய நாட்டில் அப்போஸ்தில் தேவையில்லை என்ற விதி 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனுடன் பன்மொழிப் படிவத்தையும் கேட்டு வாங்கினால் பெரும்பாலும் மொழிபெயர்ப்புச் செலவும் மிஞ்சும். லியோனில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஜெர்மன் குடியுரிமை பெற்றவள். ஓய்வூதியம் வாங்குகிறேன். அலிகாந்தே கரையோரம் குடியேற எண்ணம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பதிய முடியாது என்கிறார்களே?
– வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: வேலை செய்யாதவர்களிடம் இரண்டைக் கேட்பார்கள் அம்மா: வாழ்வதற்குப் போதிய வருமானம், முழுமையான மருத்துவக் காப்பு. வருமானத்துக்குக் கறாரான ஒரே தொகையை வைக்க முடியாது. ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். காப்பைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் பொது ஓய்வூதியம் பெறுபவர் என்பதால் உங்களுக்கு எளிய வழி இருக்கிறது. உங்கள் ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் எஸ்-1 என்னும் படிவத்தைக் கேளுங்கள். அதை ஸ்பெயினின் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிந்தால், ஜெர்மனியின் செலவில் ஸ்பானிய அரசு மருத்துவம் கிடைக்கும். பச்சைத் தாளுக்கும் அதுவே காப்புச் சான்று. பயணக் காப்பீட்டையோ, பணப்பையில் இருக்கும் நீல ஐரோப்பிய மருத்துவ அட்டையையோ நம்பிப் போக வேண்டாம். அவை தற்காலிகமாகத் தங்குவோருக்கானவை.

ஓய்வூதிய வயது வராமல் சேமிப்பில் வாழ வருபவர்களுக்கு எஸ்-1 கிடைக்காது. அவர்கள் அரசு மருத்துவத்துக்கு ஈடான தனியார் காப்பீடு எடுத்தே பதிய வேண்டும். ஓராண்டு குடியிருந்தபின் மாதம் 60 யூரோ, 65 வயதானவர்கள் 157 யூரோ செலுத்தி அரசு மருத்துவத்தில் சேரும் சிறப்பு ஒப்பந்தம் ஒன்று உண்டு. மருந்துக்கடைச் செலவில் அதனால் சலுகை கிடைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டில் 183 நாள்களுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் அங்கே வரி வதிவாளராகிவிடுவீர்கள். வெளிநாட்டிலுள்ள வங்கிக் கணக்கு, முதலீடு, அசையாச் சொத்து ஆகிய வகைகளில் ஏதாவது ஒன்று 50,000 யூரோவைத் தாண்டினால், அடுத்த மார்ச் 31ஆம் தேதிக்குள் 720 என்னும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வீடும் வளவும் இதில் அடங்கும். அது வரி அன்று, அறிவிப்பு மட்டுமே.

கேள்வி: சுவிஸ் கடவுச்சீட்டுக்கும் இதே நடைமுறைதானா? பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தம்பிக்கு?
– வாசகர், பேர்ண்

பதில்: சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆயினும் அதே அரச ஆணை உங்களுக்கும் பொருந்தும், அதே படிவம், அதே பச்சைத் தாள். தம்பிக்குப் பொருந்தாது. 2020 டிசம்பர் 31க்குள் ஸ்பெயினில் சட்டப்படி வாழத் தொடங்கிய பிரித்தானியருக்கே, பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது செய்த விலகல் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு உண்டு; அதன்பின் போகிறவர்கள் மற்ற வெளிநாட்டவரைப் போல் விசாவிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: முன்பதிவு நேரமே கிடைக்கவில்லை. பணம் கொடுத்தால் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், மாட்ரிட்

பதில்: முன்பதிவு இலவசம். இப்படி நேரங்களை மொத்தமாக வளைத்து விற்றவர்களைக் காவல்துறை கைது செய்திருக்கிறது. அவர்களிடம் கடவுச்சீட்டு விவரம் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. விண்ணப்பத்தையே ஒருவரிடம் ஒப்படைக்க விரும்பினால், ஹெஸ்தோர் எனப்படும் பதிவுபெற்ற அலுவல் முகவர்கள் இருக்கிறார்கள். கட்டணத்துக்கு ரசீது தருவார்கள். நீங்களே முயன்றால் இணையதளத்தை வெவ்வேறு நேரங்களில் திறந்து பாருங்கள், மாகாணத்துக்குள் வேறு ஊர் நிலையங்களையும் தேடுங்கள். முயன்றும் கிடைக்காத ஒவ்வொரு முறையும் தேதி தெரியும்படி கணினித் திரையைப் படம்பிடித்து வையுங்கள். மூன்று மாதக் கெடு தாண்டிவிட்டால், தாமதம் உங்களால் நேர்ந்ததன்று என்று காட்ட அது உதவும்.

கேள்வி: பச்சைத் தாள் வாங்கி ஐந்தாண்டு ஆகப்போகிறது. புதுப்பிக்க வேண்டுமா?
– வாசகி, மாலாகா

பதில்: அதற்குப் புதுப்பித்தல் இல்லை. ஆனால் ஐந்தாண்டு தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தவருக்கு நிரந்தர வதிவிட உரிமை உண்டு, அதே இ.எக்ஸ்-18 படிவத்தில் நிரந்தரம் என்ற கட்டத்தைக் குறித்து விண்ணப்பியுங்கள். அதன்பின் வருமானத்தையோ காப்பீட்டையோ காட்டும்படி கேட்க முடியாது. தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் ஸ்பெயினுக்கு வெளியே இருந்தால் மட்டும் அந்த உரிமை போய்விடும்.