மன்னிப்பை எழுதியது சாட்ஜிபிடி: கோபப்படுவது தப்பா?

கேள்வி: சண்டை போட்ட மறுநாள் என் துணைவர் நீளமாக ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினார். படித்து அழுதேன், சமாதானமும் ஆனேன். ஒரு வாரம் கழித்து அவர் ஃபோனில் வேறெதையோ தேடப்போக, அந்தச் செய்தி அப்படியே சாட்ஜிபிடியில் கிடந்தது. கேட்டால், "உணர்வு என்னுடையது, வார்த்தைதானே அதனுடையது" என்கிறார். நான் ரொம்பப் பண்ணுகிறேனா? எதற்கெல்லாம் ஏஐ கூடும், கூடாது என்று எப்படிப் பேசி வைத்துக்கொள்வது? அவருடைய பழைய செய்திகளையும் சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: ரொம்பப் பண்ணவில்லை. 2025-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், மனிதர்கள் நெருக்கமான உறவுகளை உருவாக்கிக்கொள்ளும் திறனை ஏஐ கெடுக்கும் என்றவர்கள் 50 சதவீதம். மேம்படுத்தும் என்றவர்கள் 5 சதவீதம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் கூகுள் வெளியிட்ட விளம்பரம் ஒன்றில், தனக்குப் பிடித்த வீராங்கனைக்குச் சிறுமி எழுத வேண்டிய கடிதத்தை அவள் அப்பா கூகுளின் ஏஐயான ஜெமினியை எழுதச் சொல்வார். வந்த எதிர்ப்பில், ஒலிம்பிக் ஒளிபரப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அலுவலக மின்னஞ்சலை ஏஐ எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை; அன்போ துக்கமோ மன்னிப்போ என்றால்தான் உறுத்துகிறது.

ஏன் உறுத்துகிறது என்று தெரிந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 208 பேரிடம், ஒரு கற்பனை நண்பருக்குத் தங்கள் மனக்கஷ்டத்தை எழுதச் சொல்லி, நண்பரின் பதிலைக் காட்டினார்கள். சிலரிடம் நண்பர் தானே எழுதியதாகவும், சிலரிடம் ஏஐ உதவியதாகவும், மற்றவர்களிடம் இன்னொரு மனிதர் உதவியதாகவும் சொன்னார்கள். ஏஐ உதவி என்று கேட்டவர்களுக்கு நட்பின் மேலிருந்த திருப்தி குறைந்தது. இன்னொரு மனிதர் உதவினார் என்று கேட்டவர்களுக்கும் அதே கதைதான். ஆக, மெஷின் மேல் கோபமில்லை. 'எனக்காக இவர் மெனக்கெடவில்லையே' என்பதுதான் குத்துகிறது. உங்கள் துணைவர் தன் நண்பனை விட்டு எழுதி வாங்கி அனுப்பியிருந்தாலும் உங்களுக்கு இதே கோபம் வந்திருக்கும்.

அதனால் ஏஐ எழுதியது என்ன என்பதை விட்டுவிடுங்கள். அவர் அதனிடம் என்ன தட்டினார் என்று பாருங்கள். ரகசியமாகத் திறக்க வேண்டாம், அவரையே காட்டச் சொல்லுங்கள். "நேற்று சண்டை, மன்னிப்புக் கேட்டு உருக்கமாக ஒரு மெசேஜ் எழுது" என்று ஒற்றை வரி இருந்தால், வேலை மொத்தத்தையும் தள்ளிவிட்டிருக்கிறார். அதற்குப் பதில், நடந்ததைப் பத்து வரியில் சொந்தமாகக் கொட்டி, "இதில் நான் சாக்குச் சொல்கிற மாதிரி எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் அது வேறு. அந்தப் பத்து வரிதான் உங்களுக்கு வர வேண்டிய மன்னிப்பு. எழுத்துப்பிழையோடு அதையே வாங்கிப் படியுங்கள்.

ஒற்றை வரியில் கேட்டு வாங்கிய மன்னிப்பில் என்ன குறை? ஏஐக்கு நடந்தது தெரியாது. "உன்னைப் புண்படுத்தியதற்கு மனதார வருந்துகிறேன், உன் உணர்வுகளை மதிக்கிறேன்" என்று எழுதும், யாருக்கும் பொருந்தும். "உன் அக்கா முன்னால் உன்னைக் கேலி பண்ணினேன், நீ எழுந்து போன பிறகும் சிரித்தேன்" என்பதை அங்கே இருந்தவர் மட்டும்தான் எழுத முடியும். மன்னிப்பில் எந்தப் பகுதிக்கு எடை அதிகம் என்று 2016-ல் ஆராய்ந்தவர்களும், 'தப்பு என்னுடையது' என்று பொறுப்பேற்பதை முதலிலும், சரிசெய்ய முன்வருவதை அடுத்தும் வைத்தார்கள். "மன்னித்துவிடு" என்ற வேண்டுகோளுக்குத்தான் கடைசி இடம். உங்கள் கையிலிருக்கும் செய்தியில் முதல் இரண்டும் எத்தனை வரி, மூன்றாவது எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள்.

இனிப் பேச்சு. "நீ ஏமாற்றிவிட்டாய்" என்று ஆரம்பித்தால் அவர் ஏஐக்கு வக்கீலாகிவிடுவார், நீங்கள் டெக்னாலஜி விவாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். "அதை நீ எழுதினாய் என்று நினைத்துத்தான் அழுதேன். நடந்ததை இப்போது உன் வாயால் சொல்" என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடம் போதும், இரண்டு ஃபோனும் பக்கத்து அறையில் இருக்கட்டும். தடுமாறினால் விடுங்கள், வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். "அதில் எழுதியிருந்ததுதான்" என்று நழுவினால் அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை என்று பொருள்.

கட்டுப்பாடு வைப்பதானால் ஒரே கோடு போதும்: மன்னிப்பு, காதல், இரங்கல், பிரிவு இந்த நான்கிலும் முதல் வரைவு மனிதருடையது. திருத்த ஏஐயைக் கூப்பிட்டால் அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றபடி பயணத் திட்டம், பரிசு யோசனை எதற்கு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் தடை போட்டால் இரண்டு வாரம்கூடத் தாங்காது, ஒளித்துச் செய்யும் பழக்கம்தான் வரும்.

வார்த்தை வராதவர் என்றால் அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. "கடிதம் எழுதாதே, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக ஐந்து கேள்வி கேள்" என்று சாட்பாட்டுக்குக் கட்டளை கொடுக்கட்டும். பதில் சொல்லி முடித்ததும் அதை மூடிவிட்டு, தாளில் கையால் எழுதட்டும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சாட்பாட் ஒருதரப்பைத்தான் கேட்கிறது, கேட்பவருக்கே தலையாட்டும் சுபாவமும் அதற்குண்டு. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் முகஸ்துதி அளவு மீறிப்போய், அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் அந்த அப்டேட்டையே திரும்பப் பெற்றது. "என் துணை இதை எப்படிச் சொல்வார்?" என்றும் கேட்காமல் அதன் தீர்ப்பை நம்பக் கூடாது. இன்னொன்று, உங்கள் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டை அதில் போடுவது உங்கள் அந்தரங்கத்தை உங்களைக் கேட்காமல் கொடுப்பது. இதைக் கோட்டுக்குள் கண்டிப்பாகச் சேருங்கள். உரையாடல் பட்டியலில் சேராத 'தற்காலிக சாட்' என்ற சாட்ஜிபிடி வசதியில் பேசினாலும் 30 நாள் வரை பிரதி ஓபன்ஏஐயிடம் இருக்கலாம்.

பழைய செய்திகளைச் சோதிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்ப முடியாது. ஓபன்ஏஐ தானே வெளியிட்ட கருவி, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று முத்திரை குத்தியது. 2023 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். கண்ணால் பார்த்தும் தெரியாது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், ஏஐ எழுதிய சுயவிவரங்களைப் பிரித்துச் சொன்னவர்களின் வெற்றி ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போலத்தான் இருந்தது. 'நான்' என்ற பேச்சும் குடும்பக் கதையும் வந்தாலே மனிதர் என்று நம்பிவிட்டார்கள். "நீ" என்று பேசுபவர் திடீரென்று "உங்கள்" என்று எழுதினால் சந்தேகம் வருவது சரிதான், ஆனால் அது சாட்சியாகாது. வேண்டுமானால் நேராக ஒரு கேள்வி: "இதற்கு முன்னால் இப்படி எழுதி வாங்கியது உண்டா?" உண்டு என்றால், நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் ஒரே ஒரு செய்தியைக் காட்டி, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.