முதுகைப் பார்க்காமல் கம்பளம் வாங்காதீர்கள்

பழைய கைத்தறிக் கம்பளங்களைப் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் மாமனார் வீட்டுப் பரணில் ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு சிவப்புக் கம்பளம் கிடைத்தது. பாரசீகத்துச் சரக்கு, நூற்றைம்பது வருஷத்துப் பழசு என்று மாமியார் சொல்கிறார். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். உண்மையாக இருக்குமா? (வாசகி, மஞ்சக்குப்பம்)

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் கம்பளத்தின் முகத்தையே காட்டுகின்றன. நடுவே ஒரு பதக்கம், நான்கு மூலைகளிலும் அதே பதக்கத்தின் கால் பங்கு, சுற்றிலும் பூங்கொடி ஓடும் கரை என்னும் இந்த அமைப்பை இன்று இயந்திரத் தறியும் அச்சு அசலாக நெய்துவிடுவதால், முகத்தை மட்டும் பார்த்து வயதையோ ஊரையோ சொல்வது ஜோசியம் சொல்வதாகிவிடும். கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் அதன் முதுகைப் பாருங்கள். முதுகில் கெட்டித் துணி ஒட்டியிருந்து, அதன் அடியில் காய்ந்த பசை மாவாக உதிர்ந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திச் செருகிய கம்பளம். அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. துணி இல்லாமல், முகத்தில் உள்ள அதே பூவும் கொடியும் முதுகிலும் தெளிவாகத் தெரிந்து, ஒவ்வொரு முடிச்சும் சிறு மணியாகக் கண்ணுக்குப் பட்டு, அந்த மணிகளின் வரிசை அங்கங்கே சற்று நெளிந்தும் ஏறி இறங்கியும் இருந்தால், அது கையால் முடிந்தது.

அடுத்து, இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சத்தைக் கவனியுங்கள். கைமுடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலின் நீட்சியே. பின்னால் வைத்துத் தைத்த குஞ்சம் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் பழைய கம்பளங்களில் முனை தேய்ந்துபோய்ப் பிற்காலத்தில் யாரேனும் புதுக் குஞ்சம் தைத்திருக்கவும் கூடும் என்பதால், இந்த ஓர் அடையாளத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பாவு நூல் பருத்தியா கம்பளியா என்றும் பாருங்கள். காஷான், தப்ரீஸ் போன்ற நகரத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் பருத்திப் பாவே. ஆட்டு மந்தையோடு இடம் பெயர்ந்து வாழும் கஷ்காய் போன்ற கூட்டத்தார் தம் ஆட்டு ரோமத்தையே பாவாகவும், குறுக்கே ஓடும் ஊடையாகவும் போடுவார்கள்.

வயதைச் சொல்வது சாயம். லண்டனில் 1856இல் வேதியியலாளர் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, அந்த நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் அத்தகைய சாயங்கள் ஈரானின் கிராமத் தறிகள் வரை போய்ச் சேர்ந்தன; அப்போது ஈரானை ஆண்ட கஜார் அரசு தடை விதித்தும் முழுதாகப் பலிக்கவில்லை. அதற்கு முன்பு சிவப்பு என்றால் மஞ்சிட்டி வேர், நீலம் என்றால் அவுரி, பழுப்பு என்றால் அக்ரூட் காயின் தோடும் மாதுளைத் தோலும். ரோமத்தை விரலால் பிளந்து அடியைப் பாருங்கள். அடியில் பளிச்சென்ற ஊதாவும் நுனியில் வெளிறிய சாம்பலும் இருந்தால், அது ஆரம்ப காலத்துச் செயற்கைச் சாயமாக இருக்கக்கூடும். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: கண்ணை மூடிக்கொண்டு முகத்தின் மேல் விரலை மெல்ல ஓட்டுங்கள். கறுப்பு அல்லது கரும்பழுப்புக் கோடுகள் வரும் இடங்களில் மட்டும் விரல் பள்ளத்தில் இறங்கினால், இரும்புச் சத்தைச் சேர்த்துக் கறுப்பாக்கிய ரோமம் பல பத்தாண்டுகளாக அரித்துத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இதைப் போலியாகச் செய்வது எளிதல்ல. முதுகைப் படமெடுத்து அனுப்புங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகத் தறிக்காரர்கள். பாரசீக முடிச்சு, துருக்கி முடிச்சு என்கிறார்களே, அவை எப்படிப் போடப்படுகின்றன? முடிச்சைப் பார்த்து நாட்டைச் சொல்லிவிடலாமா? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: தறிக்காரர் கேட்டதால் தறிப் பாஷையிலேயே சொல்லிவிடலாம். பாவும் ஊடையும் மட்டும் இருந்தால் அது பவானி ஜமக்காளம் போன்ற தட்டை நெசவு. ஈரானிலும் துருக்கியிலும் கிலிம் என்று அழைக்கப்படுவது அந்த இனமே. ரத்தினக் கம்பளத்தில் மூன்றாவதாக முடிச்சு நூல் வருகிறது. நெய்பவர் இரண்டு பாவு இழைகளைப் பிடித்து, சாயமேற்றிய ஒரு துண்டுக் கம்பளி நூலை அவற்றில் சுற்றிக் கீழ்நோக்கி இழுத்து, கத்தியால் வெட்டுகிறார். ஒரு வரிசை முழுவதும் இப்படி முடிந்த பிறகு ஒன்றோ இரண்டோ ஊடையைச் செலுத்தி, சீப்பு போன்ற கனமான கருவியால் தட்டி இறுக்கி, அடுத்த வரிசையைத் தொடங்குகிறார். முடிச்சைக் கீழ்நோக்கி இழுப்பதால் ரோமம் நெசவு தொடங்கிய முனையைப் பார்த்தே சாய்ந்திருக்கும். அதனால்தான் ஒரு பக்கமிருந்து பார்த்தால் கம்பளம் வெளிறியும், எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் அடர்ந்தும் தெரிகிறது. பூனை முதுகைத் தடவுவதுபோல் ஒருமுறை தடவினால் எந்த முனையில் தறி தொடங்கியது என்று கைக்கே தெரிந்துவிடும்.

துருக்கி முடிச்சில் நூல் இரண்டு பாவு இழைகளையும் சுற்றி, இரு நுனிகளும் நடுவில் ஒன்றாக மேலே வருகின்றன. பாரசீக முடிச்சில் நூல் ஓர் இழையை மட்டும் முழுதாகச் சுற்றி, பக்கத்து இழைக்குப் பின்னால் நுழைந்து வருவதால் நுனிகள் தனித்தனியாக நிற்கின்றன. வளைந்தோடும் கொடிக்கும் நுணுக்கமான இதழுக்கும் இது வசதி. ஆனால் பெயரை நம்பி நாட்டைச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஈரானிலேயே உள்ள தப்ரீஸில் போடுவது துருக்கி முடிச்சு. பாரசீக முடிச்சுக்கு வணிகர்கள் வைத்த இன்னொரு பெயர் செனே. ஈரானில் உள்ள அந்தச் செனே ஊரின் குர்து இன நெசவாளர்களோ போடுவது துருக்கி முடிச்சு! இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு முடிச்சுக் கம்பளம், சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்னுமிடத்துப் பனிக் கல்லறையிலிருந்து 1949இல் ரஷ்யத் தொல்லியலாளர் ருதென்கோ எடுத்தது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரம், கி.மு. ஐந்தாம் அல்லது நான்காம் நூற்றாண்டு. கரையில் மான்களும் குதிரை வீரர்களும் வரிசையாகச் செல்லும் அந்தக் கம்பளத்திலும் இரண்டு இழைகளைச் சுற்றும் முடிச்சே இருக்கிறது. துருக்கி என்று ஒரு நாடு தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முன்பு.

உங்கள் தொழிலோடு நெருங்கிய இன்னொரு செய்தி. காஷ்மீரில் வரைபடத்தைப் பார்த்து நெய்வதில்லை. தாலிம் என்னும் குறியெழுத்தில் எத்தனை முடிச்சு, என்ன நிறம் என்று எழுதப்பட்ட காகிதத்தை ஒருவர் ராகமாகப் படிக்க, தறியில் இருப்பவர்கள் அதைக் கேட்டு முடிகிறார்கள்.

கேள்வி: பழம்பொருள் கடையில் பார்த்த ஒரு கம்பளத்தைப் பொகாரா என்றார்கள். பொகாராவில் நெய்ததா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: விற்ற ஊரின் பெயர் அது, நெய்த ஊரின் பெயர் அன்று. யானைக்கால் தடம்போல் எண்கோணங்கள் வரிசை வரிசையாக நிற்கும் அந்தச் சிவப்புக் கம்பளங்களை மத்திய ஆசியாவின் துர்க்மேன் இனத்தார், குறிப்பாகத் தெக்கே பிரிவினர், கூடாரங்களில் நெய்தார்கள். பொகாராச் சந்தை வழியாக வெளியே போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த எண்கோணத்துக்கு அவர்கள் கொடுத்த பெயர் குல். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் குல் உண்டு. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பாகிஸ்தானிலும் இதே வடிவம் ஏராளமாக நெய்யப்பட்டது. கடைகளில் காண்பது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: நுண்கலை படிக்கும் மாணவி நான். ஒரே ஒரு பாரசீகக் கம்பளத்தை ஊன்றிப் படிக்க வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்? (மாணவி, லாஸ்பேட்டை)

பதில்: அர்தபீல் கம்பளம். வடமேற்கு ஈரானில், சபாவித் அரச குலத்தின் மூதாதையான ஷேக் சஃபியின் அடக்கத்தலத்துக்காக நெய்யப்பட்டது. ஒரு முனையில் ஹாபிஸ் கவிஞரின் கஜலின் தொடக்க வரிகள் முடியப்பட்டுள்ளன. உன் வாசற்படியைத் தவிர இவ்வுலகில் எனக்குப் புகலிடம் இல்லை என்பது அவற்றின் சாரம். அதன் கீழே மக்சூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும், அதாவது 1539–40, உள்ளன. பெயரும் ஆண்டும் நெய்யப்பட்ட கம்பளங்கள் அக்காலத்தில் மிக அரிது என்பதால், மற்றக் கம்பளங்களின் வயதைக் கணிக்க இது ஓர் அளவுகோலாகிவிட்டது. நீளம் சுமார் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் சுமார் 5300 முடிச்சுகள். பாவும் ஊடையும் பட்டு, முடிச்சு கம்பளி. இத்தனை விரிவுக்கும் பயன்படுத்திய நிறங்கள் பத்தே பத்து என்பதை மறக்காதீர்கள்.

கருநீலத் தளத்தின் நடுவில் மஞ்சள் பதக்கம் ஒரு சூரியனைப்போல் விரிய, அதன் இரு புறமும் இரண்டு மசூதி விளக்குகள் தொங்குகின்றன. ஒரு விளக்கு பெரியது, மற்றது சிறியது. சிறிய விளக்கின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத் தோன்றுவதற்காக அப்படிச் செய்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆனால் 1530களின் ஈரானியக் கலையில் அத்தகைய தூரக்காட்சி உத்தி வழக்கத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கம்பளங்களைப் பார்த்துவரும் எனக்கும் அந்த விளக்கம் அதிகப்படியான சாமர்த்தியமாகவே படுகிறது.

இது உண்மையில் ஒரு ஜோடி. இரண்டும் சிதைந்திருந்தபோது ஒன்றை வெட்டி மற்றதைச் செப்பனிட்டார்கள். முழுமையானதை லண்டன் அருங்காட்சியகம் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பரிந்துரையோடு 1893இல் 2000 பவுண்டுக்கு வாங்கியது; இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று அறியப்படும் அதே அருங்காட்சியகம். கரையை இழந்து சிறுத்துப்போன மற்றது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. முழுமை என்று நாம் வியப்பது இன்னொன்றின் உடலை வெட்டி ஒட்டியது என்பதையும் உங்கள் ஆய்வேட்டில் எழுதுங்கள்.

பிரெஞ்சு படித்த ஊர்க்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன்: 1878 பாரிஸ் கண்காட்சியில் போலந்துப் பிரபு குடும்பமொன்று வைத்த பட்டுக் கம்பளங்களைப் போலந்தில் நெய்தவை என்று நினைத்து 'போலோனேஸ்' என்றார்கள். அவை சபாவித் ஈரானில் நெய்யப்பட்டவை. தவறு தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை.

கேள்வி: கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் நெசவாளர்கள் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்களாமே? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: விற்பவர்கள் சொல்லும் அழகான கதை. லட்சக்கணக்கான முடிச்சுகளில் பிழை தானாகவே வரும். அதற்கென்று முயற்சி வேண்டியதில்லை. நீலத்தின் நடுவே திடீரென்று பட்டையாக வெளிர்நீலம் வருவதையும் பிழையென்று காட்டுவார்கள். அது அப்ராஷ்: ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டிச் சாயம் தொடங்கிய இடம். நம் தென்னார்க்காட்டில் அவுரி காய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல. தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாக வரும் நூல் காற்றுப் பட்டு நீலமாகும். இரண்டு தொட்டிகள் ஒரே நீலத்தைத் தருவதில்லை.

கேள்வி: கடலோர வீட்டில் பழைய கம்பளத்தை எப்படிக் காப்பது? (வாசகி, குருசுக்குப்பம்)

பதில்: நான் கெடுத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் பிய்ந்து, பலூச் இனத்தாரின் சிறு தொழுகைக் கம்பளம் ஒன்று நனைந்துவிட்டது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் அதை நாலாக மடித்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டேன். இரண்டு நாள் கழித்து விரித்தபோது, மடிப்பின் உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. சிவப்பு கசிந்து ஒட்டக நிறப் பகுதியில் ரோஜா நிறமாகப் பரவியிருந்தது. இன்றும் அந்தக் கறை போகவில்லை. விரித்து, சமமாகப் போட்டு, மேலும் கீழும் காற்றோட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

கடற்காற்றில் உள்ள ஈரம் பருத்திப் பாவை உளுக்கச் செய்யும்; உளுத்த கம்பளத்தை மடித்தால் காய்ந்த அப்பளம்போல் சத்தத்தோடு உடையும். ஆகவே மடிக்காமல் ஒரு குழாயில் சுற்றி, துவைத்த பருத்தி வேட்டியால் போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில், இருட்டில், யாரும் தொடாத பகுதியில்தான் அது குடியிருக்கும். மாதம் ஒருமுறை கம்பளத்தைத் திருப்பிப் போட்டு இரு பக்கமும் மெல்லத் தூசி எடுத்தால், வேறு எந்த உருண்டையும் பொடியும் தேவைப்படாது. கழுவ நினைத்தால், முதலில் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் தண்ணீர் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: பாட்டியின் கம்பளத்தைப் பிரான்ஸில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: நூறு ஆண்டுகளைக் கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லை என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் இது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.