500 எழுத்துக்குள் மின்னஞ்சல்: வர்த்தகருக்கு உதவுமா?

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். நாள்தோறும் வரும் நீண்ட மின்னஞ்சல்களை வாசித்து முடிக்க இயலவில்லை. 500 எழுத்துக்கு மேற்பட்ட கடிதங்களை ஏற்காத சேவையொன்றை ஆண்டுக் கட்டணத்துக்கு அமைத்துத் தருவதாகக் கணினி முகவர் ஒருவர் கூறுகிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த யோசனை புதியதுமன்று. 2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஷோர்ட்மெயில் இதே 500 எழுத்து எல்லையை வைத்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை.

இத்தகைய சேவையில், எல்லையை மீறிய கடிதம் சுருக்கி எழுதும்படியான வேண்டுகோளுடன் அனுப்பியவருக்கே திரும்பிச் செல்லும். நண்பரென்றால் சுருக்கி எழுதுவார். ஆனால் வங்கியின் கணக்குக்கூற்றையும் கப்பல் முகவரின் சரக்கு வருகை அறிவித்தலையும் பெரும்பாலும் மனிதர் அனுப்புவதில்லை, கணினியே அனுப்புகிறது. அது சுருக்காது என்பது மட்டுமன்று, கடிதங்கள் அடிக்கடி அதனிடமே திரும்பிச் சென்றால் உங்கள் முகவரியைச் செயலற்றதாகக் கருதி அனுப்புவதையே நிறுத்திவிடவும் கூடும். கொள்கலன் துறைமுகத்தில் கிடந்து தாமதக் கட்டணம் ஏறும்போது அந்தக் கணினி முகவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

நமது அலுவலகக் கடிதங்களையும் எண்ணிப் பாருங்கள். பெயர், பதவி, முகவரி மூன்று மொழிகளிலும் இருக்கும். அதன் கீழே இரகசியம் பேணுமாறு ஆங்கிலத்தில் ஒரு பந்தி. சொல்ல வந்த விடயமோ 'இணைப்பைப் பார்க்கவும்' என்ற ஒற்றை வரி. அந்த வாலுக்கே 500 எழுத்துப் போதாது. இலத்திரனியல் ஆவணங்களை ஏற்கும் சட்டம் 2006இலேயே வந்துவிட்டபோதிலும், மின்னஞ்சலில் அனுப்பியதை அச்சிட்டு முத்திரை குத்திக் கொண்டுவரச் சொல்லும் அலுவலகங்களிடம் சுருக்கத்தை எதிர்பார்ப்பது வீண்.

எல்லை பயன்படும் இடம் ஒன்று உண்டு: உங்கள் சொந்த இணையத்தளத்தில் வாடிக்கையாளர் கட்டளை எழுதும் படிவம். அங்கே எஞ்சியுள்ள இடத்தைத் தட்டச்சுச் செய்யும்போதே அவர் காண்பதால் எதுவும் திரும்பிப் போகாது. ஆயினும் தமிழுக்கு 500 என்பது 500 அன்று. 'கொழும்பு' நமக்கு நான்கெழுத்து. ஒகரக் குறி, உகரக் குறி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணும் கணினிக்கு எட்டு. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடமும் தமிழுக்கு 70 இடமுமே கிடைப்பது வேறு கணக்கினால். பாதிக்கப்படுவது அங்கும் நாமே. ஆகவே தமிழில் எழுதுவோருக்கான படிவத்தில் எல்லையை 800 அளவிலாவது வையுங்கள். இல்லாவிடின் வெள்ளவத்தை வாடிக்கையாளர் விலாசத்தின் பாதியிலேயே நின்றுவிடுவார்.

வரும் கடிதங்களுக்குக் கட்டணமே வேண்டாம். கட்டளை இலக்கத்தையும் தொகையையும் தலைப்பு வரியிலேயே எழுதுமாறு விநியோகத்தர்களிடம் கேளுங்கள். வங்கி, கப்பல் முகவர் ஆகியோரின் கடிதங்களைத் தனிக் கோப்புறைக்கு அனுப்பும் விதியை ஜீமெயிலிலேயே அமைக்கலாம். அளவைக் கொண்டு வடிகட்டச் சொல்பவர்களை நம்பவேண்டாம்: ஒற்றை வரியுடன் வரும் புகைப்படம் பத்துப் பக்கக் கடிதத்தைவிடப் பெரியது.

கணினி முகவரைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களிற் சிலர் உங்கள் நிறுவனத்தின் டொமைன் பெயரை (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரை)த் தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்வார்கள். மறு ஆண்டு கட்டணத்தை உயர்த்தினால் பழைய கடிதங்களையும் முகவரியையும் விட்டுவிட்டே நீங்கள் வெளியேற வேண்டியிருக்கும். வேறெந்தச் சேவைக்காக அவரிடம் பணம் கொடுப்பதாயினும், பதிவு யார் பெயரில் உள்ளது என்பதையும் கடவுச்சொல் உங்களிடம் தரப்படுமா என்பதையும் முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.