சுன்னாகத்தில் எங்கள் இரும்புக் களஞ்சியம் எரிந்துவிட்டது. இடிக்கத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு இடிக்காதீர்கள். கட்டடத்துச் சாதாரண உருக்கு 600 பாகை செல்சியஸில் ஏறக்குறைய பாதிப் பலத்தை இழக்கும். ஆறியதும் அநேகமாக முழுவதும் திரும்பிவிடும். முதலில் முட்டுக்கொடுத்துவிட்டு, தூணுக்கும் விட்டத்துக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நேராக நிற்பது பெரும்பாலும் பிழைத்துவிட்டது. சந்தேகமான இடத்தில் பொறியியலாளரைக் கொண்டு கடினத்தன்மைச் சோதனை செய்யுங்கள்.

எனக்குப் பயம் போல்ட்டுகளில்தான். உயர்பலப் போல்ட் கடும் சூட்டில் இழந்த பலம் திரும்பாது. சூடுபட்ட மூட்டுகளில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். விட்டம் ஆறும்போது சுருங்கி மூட்டுகளை இழுக்கும். அதனால் வெல்டிலும் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் கரியைத் துடைத்துத் தேடுங்கள். முறுகிய மெல்லிய பர்லின்களை (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை) நிமிர்த்தி மினக்கெட வேண்டாம், புதிதாகப் போடுங்கள். அப்புறம் துருப்பிடிக்காமல் காக்கும் துத்தநாகப் பூச்சு: துத்தநாகம் 420 பாகையிலேயே உருகும். பூச்சுப் போன இரும்பை எங்கள் உப்புக்காற்று சும்மா விடாது.