கம்பைல் செய்த கெர்னலும் அதன் மாட்யூல்களும்: கேள்வி பதில்

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி): அண்ணாச்சி, லினக்ஸ் 6.6.30 கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தேன். பூட் ஆகிறது, ஆனால் வைஃபை இல்லை. மாட்யூலை (கெர்னலில் தேவைப்படும்போது சேரும் டிரைவர் போன்ற துண்டு) ஏற்றும் 'மோட்ப்ரோப்' கட்டளையைக் கொடுத்தால் மாட்யூல் கிடைக்கவில்லை என்கிறது. மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, தங்கச்சி. முதலில் 'யூநேம் மைனஸ் ஆர்' கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் முழுப் பெயரைப் பாருங்கள். பிறகு 'லிப்' கோப்புறைக்குள் உள்ள 'மாட்யூல்ஸ்' கோப்புறையில், ஓர் எழுத்தும் பிசகாமல் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்ப்ரோப் அங்கேதான் தேடும். இல்லையென்றால் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' விடுபட்டிருக்கிறது. கம்பைல் செய்த அதே சோர்ஸ் கோப்புறையில் ரூட் (நிர்வாகி) உரிமையுடன் அதை ஓட்டினால், மாட்யூல்கள் உரிய இடத்துக்கு வந்துசேரும். எது எதைச் சார்ந்தது என்ற பட்டியலையும் இறுதியில் 'டெப்மோட்' எழுதிவிடும். ரீபூட் செய்யாமலே வைஃபை மாட்யூலை ஏற்றிப் பார்க்கலாம்.

அடுத்த முறை இதை, கெர்னலை நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் தேவையான மாட்யூல்கள் அடங்கிய தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) அந்தக் கட்டத்தில்தான் உருவாகிறது. டிஸ்க் டிரைவர் மாட்யூலாக இருந்து அதற்குள் சேராமல் போனால், ரூட் பார்ட்டிஷனை (இயங்குதளக் கோப்புகள் உள்ள டிஸ்க் பகுதி) மவுண்ட் செய்ய முடியாமல் பூட் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): கெர்னல் கான்ஃபிக்கில் (கம்பைலுக்கான அமைப்புகளின் கோப்பு) ப்ரீஎம்ப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் விதம்) அமைப்பை மாற்றி, புதிய மாட்யூல்களை நிறுவியதும் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வருகிறதே?

பதில்: பதிப்பின் பெயர் மாறாததால் புதிய மாட்யூல்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டுவிட்டன, ஓடுவதோ இன்னும் பழைய கெர்னல். மாட்யூலின் விவரம் தரும் 'மோட்இன்ஃபோ' கட்டளை காட்டும் 'வெர்மேஜிக்' வரியில் பதிப்புடன் ப்ரீஎம்ப்ட் போன்ற அமைப்புகளும் பதிவாகியிருக்கும். அது பொருந்தாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. புதிய கெர்னலை நிறுவி அதில் பூட் செய்தால் சரியாகிவிடும். ஆனால் நான் வற்புறுத்திச் சொல்வது வேறு: ஒவ்வொரு கம்பைலுக்கும் முன் கான்ஃபிக்கின் 'லோக்கல்வெர்ஷன்' இடத்தில் '-நெல்லை1', '-நெல்லை2' என்பதுபோல ஒரு வால் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை அமையும். பழைய கெர்னலும் கெடாமல் கைவசம் இருக்கும்.

கேள்வி (தென்காசி): மாட்யூல்கள் பல ஜிபி இடத்தை அடைக்கின்றன.

பதில்: அதில் பெரும்பகுதி டீபக் (பிழை தேட உதவும்) தகவல். நிறுவும்போது 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' என்று சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): 'லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்துக் கம்பைல் செய்தபின் கைபேசியின் யூஎஸ்பி டெதரிங் (கைபேசி இணையத்தைக் கணினிக்குத் தருவது) வேலை செய்யவில்லை.

பதில்: அந்தக் கட்டளை, அப்போது 'எல்எஸ்மோட்' பட்டியலில் இருக்கும் (அதாவது ஏற்றப்பட்டுள்ள) மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். ஆகவே பழைய கெர்னலில் பூட் செய்து, கைபேசி, பென்டிரைவ் என நீங்கள் பயன்படுத்தும் அனைத்தையும் ஒருமுறை செருகி, டெதரிங்கையும் இயக்கிவிட்டு, அதன் பிறகு பழைய கெர்னலின் கான்ஃபிக் கோப்பை வைத்து அந்தக் கட்டளையைக் கொடுங்கள்.