ஸ்வீடனின் இரண்டு ஜூன் நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் பணி நிமித்தம் கோத்தன்பர்க் நகருக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஜூன் 6 ஸ்வீடனின் தேசிய நாள் என்பதால் ஊரே விழாக்கோலம் பூண்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். டிராம்களில் சிறு கொடிகள் பறந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து மிட்சோமர் என்ற நடுக்கோடைத் திருநாள் வந்தபோதோ கடைவீதி வெறிச்சோடியது. எங்களைத் தங்கள் கிராமத்துக்கு அழைத்துச்சென்ற நண்பர்கள், பெரிய பொறுப்புகளில் இருப்பவர்கள், பூக்கம்பத்தைச் சுற்றித் தவளையைப்போல் குதித்து ஆடினார்கள். இவர்களுக்கு நாட்டுப்பற்று குறைவோ? புறப்படும்போது தோழியின் மகள் ஏழு வகைப் பூக்களைக் கொடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அது எதற்கு?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊர்களில் வீட்டுத் தோட்டத்தில் கொடிக்கம்பம் இருப்பது சாதாரணம். பிள்ளையின் பிறந்தநாளுக்கும் பள்ளிப் படிப்பு முடிந்த நாளுக்கும் நீல மஞ்சள் கொடியை ஏற்றுவார்கள். கொடி அங்கே வீட்டுப் பொருளாகிவிட்டது. தேசிய நாள்தான் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை.

1523 ஜூன் 6 அன்று ஸ்ட்ரெங்னெஸ் நகரில் குஸ்தாவ் வாசா மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டென்மார்க் தலைமையிலான கல்மார் ஒன்றியத்திலிருந்து ஸ்வீடன் விலகியது அதனோடு உறுதியாயிற்று. 1809-இல் இதே தேதியில் புதிய அரசியலமைப்பும் ஏற்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய விடுதலையை நினைத்து யாருக்குக் கண் கலங்கும்? 1905 வரை ஸ்வீடனோடு ஓர் அரசரின்கீழ் பிணைக்கப்பட்டிருந்த நார்வே, தன் அரசியலமைப்பு நாளான மே 17-ஐ ஊர்வலமும் வாத்தியமுமாகக் கொண்டாடுவதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்வீடனில் ஜூன் 6 முதலில் கொடி நாளாக இருந்தது. 1983-இல் தேசிய நாள் என்ற பெயரைப் பெற்று, 2005-இல்தான் விடுமுறையாயிற்று. அதற்கும் ஒரு விலை இருந்தது. பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு மறுநாளான திங்கட்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இதைத் தந்தார்கள். திங்கட்கிழமை எந்த ஆண்டும் திங்கட்கிழமைதான்; ஜூன் 6 சில ஆண்டுகளில் சனி, ஞாயிறில் விழுந்து வீணாகிறது. இப்படிப்பட்ட பண்டமாற்றில் வந்த திருநாள் மீது தொழிலாளிக்கு என்ன பாசம் பிறக்கும்?

மிட்சோமரின் கதை இதற்கு நேரெதிர். 1953 முதல் ஜூன் 19-க்கும் 25-க்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமையே அத்திருநாளுக்கு முந்தைய நாள் என்று வைத்திருக்கிறார்கள். உண்மையான கொண்டாட்டம் அன்றுதான். ஆனால் நாட்காட்டியில் அந்த வெள்ளி சிவப்பில் அச்சாவதில்லை, மறுநாள் சனிக்கிழமையே முறையான பொது விடுமுறை. சட்டம் சொல்லாமலே நாடு கதவடைக்கிறது.

ஏன் என்பதை டாலர்னா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பார்த்தேன். காலையிலேயே சிறுவர்கள் பூப்பறிக்கப் போய்விட்டார்கள், பெரியவர்கள் பிர்ச் இலைகளை வளையங்களில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் கம்பம் தரையில் கிடந்தது. நுனியருகே இரண்டிரண்டாகக் கட்டிய நீண்ட கழிகளைக் கவைபோல் கம்பத்துக்கு அடியில் கொடுத்து, பிடில்காரர்கள் வாசிக்க, குரல் கொடுத்தபடி ஓர் அடி உயர்த்தி நிறுத்தினார்கள். குட்டைக் கழிகளை எடுத்துவிட்டு நீளமானவற்றை மாட்டினார்கள். மறுபடி ஓர் அடி. ஒரு கழிக்கு ஆள் போதாமல் பின்னால் நின்ற என்னையும் இழுத்துவிட்டார்கள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை, ஆனால் உள்ளங்கையில் பிசின் ஒட்டியிருந்தது. அதன்பின் சதகுப்பைக்கீரை வாசத்தோடு அவித்த புது உருளைக்கிழங்கும், ஊறவைத்த ஹெர்ரிங் மீனும், ஸ்ட்ராபெரியும் மேசைக்கு வந்தன. வேடிக்கை பார்க்க மட்டும் அங்கே யாருக்கும் இடமில்லை. தேசிய நாளிலோ உரை கேட்கலாம், கொடி பார்க்கலாம். கைக்கு வேலை ஏதும் இல்லை. வேலியாவது கையில் இருந்ததே என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

இதையெல்லாம் தொன்மம் என்று நம்பிவிட வேண்டாம். கம்பம் ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அலிங்சோஸில் யோனாஸ் ஆல்ஸ்ட்ரோமர் என்ற தொழிலதிபர் 1720-களில் பயிரிட்டுப் பரப்ப முயன்றார். ஏழைகளின் தட்டுக்கு அது போய்ச்சேர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. டிசம்பர் 13-இல், புனித லூசியாவின் திருநாளில், வெண்ணாடையும் தலையில் மெழுகுவர்த்திகளுமாக லூசியா வேடத்தில் வரும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் இருந்த வழக்கம் அது. 1927-இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று நடத்திய லூசியா தேர்வுப் போட்டிதான் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. நாளிதழ் நடத்திய போட்டி வேரூன்றிவிட்டது, அரசு கொடுத்த நாள் ஊன்றவில்லை. லூசியாவிலும் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்சியும் குங்குமப்பூ ரொட்டி சுடுவதும் வேலையாக இருப்பதே இதற்குக் காரணம் என்பது என் ஊகம்.

ஏழு பூக்கள் விஷயம். மணமாகாத பெண் பேசாமல் ஏழு வகைப் பூக்களைப் பறித்துத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினால், வருங்காலக் கணவன் கனவில் வருவான் என்பது நம்பிக்கை. உங்களுக்குப் பறித்தவள் சிறுமி, நீங்களோ மணமானவர். இரண்டு விதியும் தவறிவிட்டதால் அன்றிரவு என்ன கனவு வந்திருந்தாலும் உங்கள் கணவர் கவலைப்பட வேண்டியதில்லை.